மிளகாய்த்தூள் டப்பாவில் நகை வைக்கலாமா?

கேள்வி, 03.05.2025

லாக்கருக்கு இரண்டு வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வருடமாகக் காத்திருக்கிறேன். வீட்டில் 22 பவுன் இருக்கிறது. பீரோவில் வைக்கப் பயம். அரிசி டிரம், மிளகாய்த்தூள் டப்பா, சாமி படத்துக்குப் பின்பக்கம் என்று பிரித்து வைத்துவிட்டு யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தால் போதும் என்பது என் கட்சி. திருடனுக்கு இருப்பதே அரை மணி நேரம், எத்தனை டப்பாவைத் திறப்பான்? இடத்தை மனைவியிடம்கூடச் சொல்லப்போவதில்லை என்றதும் வீட்டில் சண்டை. நீங்களே சொல்லுங்கள்.

பதில், 04.05.2025, காலை

மிளகாய்த்தூள் டப்பாவில் இருப்பதை முதலில் வெளியே எடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

2011இல் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் திருட்டுப் போனது. சித்தப்பா மகன் கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போயிருந்தோம், இரண்டு ராத்திரி. பின்கதவை நெம்பி வந்திருக்கிறார்கள். நெம்பியது எங்கள் கடப்பாரை. தென்னங்கன்று வைக்க அப்பா வாங்கி மோட்டார் ரூம் ஓரம் சாத்தி வைத்திருந்தது. பீரோவில் இருந்த 11 பவுன் போயிற்று. போகும்போது மோப்ப நாய் வந்தால் குழம்பட்டும் என்று வாசல்வரை மிளகாய்த்தூள் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் எங்கள் மிளகாய்த்தூள்தான். அந்த டப்பாவுக்குள் பிளாஸ்டிக் தாளில் சுருட்டி அம்மா ஒரு ஜோடித் தோடு ஒளித்து வைத்திருந்தார்.

எஸ்.ஐ. வெறும் டப்பாவைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எதுவும் வச்சிருந்தீங்களாம்மா?" என்று கேட்டார். அப்பா பக்கத்திலேயே நின்றார். அம்மா இல்லை என்று தலையாட்டினார். எங்களுக்கு விஷயம் தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

04.05.2025, இரவு

பீரோவை உடைத்தார்களா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. சாவி பீரோ மேலேயே, விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் இருந்தது. வெளிக்கதவுச் சாவி, உள்லாக்கர் சாவி இரண்டும் ஒரே வளையத்தில். வந்தவர்கள் நகையைத் தேடவே இல்லை, சாவியைத்தான் தேடியிருக்கிறார்கள். நம் வீடுகளில் அது இருக்கும் இடம் மொத்தம் நாலோ ஐந்தோ: பீரோ மேல், சேலை அடுக்குக்குக் கீழ், காலண்டருக்குப் பின்னால் ஆணியில், தலையணை உறைக்குள், சாமி அலமாரியில் குங்குமச் சிமிழ் பக்கம். இதை எழுதும்போதே உங்களில் பாதிப்பேர் எழுந்து போயிருப்பீர்கள்.

06.05.2025

அவர்கள் எதையெல்லாம் தொட்டார்கள் என்று கேட்டதால் நினைவிலிருந்து எழுதுகிறேன். அரிசி டிரம்மைக் கவிழ்த்திருந்தார்கள். கூடத்தில் குவியலாகப் பொன்னி அரிசி, அதில் செருப்புத் தடம். சாமி படங்கள் எல்லாம் இறக்கிச் சுவரில் சாய்த்திருந்தன, ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. பயபக்தி இருந்திருக்கிறது. மெத்தை கிழிந்திருந்தது. குளிர்பெட்டியில் ஐஸ் வைக்கும் பகுதிவரை பார்த்திருக்கிறார்கள். அதிரசத் தூக்கு காலி.

தொடாதவை: தம்பியின் பாலிடெக்னிக் புத்தகங்கள், பழைய குழாய் உதிரிகள் கிடந்த தகரப் பெட்டி, பரணில் பழந்துணி மூட்டை.

ஆக, கேள்வி கேட்டவரின் மூன்று இடங்களையும் எங்கள் வீட்டில் பார்த்துவிட்டார்கள். அரை மணி நேரக் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவனுக்கு ராத்திரி முழுக்க இருக்கிறதே. உட்கார்ந்து அதிரசம் தின்ன நேரம் இருந்திருக்கிறது.

06.05.2025, பிற்பகல்

தங்கைக்கு வாங்கிய சிதம்பரம் கவரிங் செட் ஒன்றைக் கட்டில்மேல் ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆரத்தின் பின்பக்கம் ஒரு இடத்தில் உரசிய தழும்பு. ஆகவே பீரோவில் கவரிங்கை வைத்து ஏமாற்றலாம் என்ற யோசனை செல்லாது.

07.05.2025

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். கோயம்புத்தூர் நண்பர் வீட்டில் கவரிங்கை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். அசல் பக்கத்து அறையில் பத்திரமாக இருந்ததாம். சரி, எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

09.05.2025

லாக்கர் விஷயம். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் விதிகளை மாற்றியது, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. கேள்வி கேட்டவருக்கு அதில் ஒரு வரி உதவும்: லாக்கர் காலியில்லை என்றால் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்து, காத்திருப்புப் பட்டியலில் எத்தனையாவது ஆள் என்று ஒரு எண்ணும் தர வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "வந்தா சொல்றோம் சார்" என்பதை நம்பி நானே இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

லாக்கரைத் திறந்தால் அன்றைக்குள் குறுஞ்செய்தி வர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஆனால் லாக்கர் காப்பீடு இல்லை. தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியரே மோசடி செய்வது ஆகியவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்குவரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். சவரன் 70 ஆயிரத்தைத் தாண்டி நிற்கும் இந்த மாதத்தில் அது மூன்று பவுனுக்குக்கூடக் காணாது. உள்ளே என்ன வைத்தீர்கள் என்பதும் வங்கிக்குத் தெரியாது. வெள்ளம், பூகம்பம் என்றால் அந்தப் பொறுப்பும் இல்லை, வங்கியின் கவனக்குறைவு என்று காட்டினால் ஒழிய.

என்றாலும் வீட்டுக்கு அது எவ்வளவோ மேல். ஊருக்குப் போனால் தூக்கம் வரும்.

10.05.2025

"எங்கள் மாமா கூட்டுறவு வங்கியில் சின்னத் தொகைக்கு அடகு வைத்துவிட்டு ஊருக்குப் போவார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிரிக்காதீர்கள். என் பெரியப்பாவும் இதையேதான் செய்தார். 10 பவுனை வைத்து 5,000 ரூபாய் வாங்குவார். வட்டியை லாக்கர் வாடகை என்பார். அடகில் எடை போட்டு ரசீது தருகிறார்கள், லாக்கரில் அது கிடையாது. தந்திரம் என்னவோ நல்ல தந்திரம்தான். ஆனால் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதை அவர் மறந்துபோனார். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கித்தான் பெண்ணை உட்கார வைத்தோம்.

14.05.2025

பத்து நாளாக ஒளிக்கும் இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு ராத்திரி வீட்டில் ஆள் இல்லை என்று 2011இல் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? வழக்கை விசாரித்த ஏட்டு அப்பாவிடம் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். யோசிக்க யோசிக்க, நாங்களேதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தோம் என்று புரிந்தது.

கல்யாணப் பத்திரிகை ஒன்று போதும். எந்தத் தேதியில் எந்த மண்டபத்தில் முழுக் குடும்பமும் நிற்கும் என்று மஞ்சள் தடவிக் கொடுக்கிறோம். சித்தப்பா முச்சந்தியில் பிளக்ஸ் வைத்தார். அதில் எங்கள் அப்பா படம், பெயருக்குக் கீழே தெருப் பெயர். கிளம்பிய அன்று காலை வேனை வாசலில் நிறுத்தி, "அம்மா, ஆரத்தைக் கையில வச்சுக்கிறியா, பீரோவிலயே இருக்கட்டுமா?" என்று தங்கை மாடியிலிருந்து கத்தினாள். அம்மா கீழேயிருந்து, "சின்னதைக் கொண்டா, பெருசு இருக்கட்டும்" என்றார். தெருவில் அப்போது பால்காரர், எதிர்வீட்டு மாடியில் சென்ட்ரிங் வேலை செய்த ஆறேழு பேர், கேஸ் வண்டி. இவர்களில் யார் என்று சொல்லவில்லை. யாருமே இல்லாமலும் இருக்கலாம். கத்திச் சொன்னால் கேட்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

அப்புறம் வாசல். எங்கள் தெருவில் அம்மா போடும் கோலம் பிரசித்தம். இரண்டு நாள் கோலம் இல்லாத வாசல் பூட்டைவிடச் சத்தமாகப் பேசும். பகலிலும் எரியும் வெளிவிளக்கு, கேட்டில் செருகிய மூன்று நாள் பேப்பர், தொங்கும் பெரிய பூட்டு. இப்போது எங்கே போனாலும் எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். அவர் தண்ணீர் தெளித்து நாலு புள்ளி வைத்துவிடுகிறார். ஆளே இல்லாத வீட்டு வாசலில் மார்கழியில் பூசணிப்பூகூட இருந்திருக்கிறது.

புது டிவி வாங்கினால் அந்த அட்டைப்பெட்டியைக் கேட்டுக்கு வெளியே சாய்த்து வைக்காதீர்கள். கிழித்து மடித்துப் போடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ரயில் பெட்டிப் படம் போடுவதைத் திரும்பி வந்தபின் போட்டால் என்ன குறைந்துவிடும்? என் தம்பியிடம் கேட்டேன். "வந்தப்புறம் போட்டா யாரு பாப்பா?" என்றான். அதுவும் நியாயம்தான்.

15.05.2025

"போலீஸில் சொல்லிவிட்டுப் போகலாமே?" ஆமாம், போகலாம். வெளியூர் போகும் தேதியைச் சொன்னால் ராத்திரி ரோந்தில் அந்தத் தெருவைச் சேர்த்துக்கொள்கிறார்கள். 2011க்குப் பிறகு நாங்கள் தவறாமல் சொல்கிறோம். அப்பாவுக்குத்தான் முதலில் தயக்கம். "இத்தனை பேருகிட்ட மறைச்சிட்டு அங்க போய் எழுதிக் குடுக்கணுமா?" என்றார்.

15.05.2025, இரவு

கன்னக்களவு என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டவருக்கு: கன்னம் என்றால் சுவரில் இடும் துளை. மண் சுவர் காலத்தில் கன்னக்கோலால் குடைந்து நுழைவார்களாம். இன்றைக்குச் சுவரை யார் தொடுகிறார்கள், பின்கதவு இருக்கும்போது. எங்கள் வழக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 457, 380 பிரிவுகளில் பதிவானது. 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 331, 305.

19.05.2025

திண்டுக்கல்காரன் பூட்டைப் பற்றிப் பேசாமல் இருக்கிறேனே என்று கிண்டல். சரி. நாகல் நகர் பக்கம் கையால் செய்யும் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் முன்கதவில் தொங்கியது ஒரு மாங்காய்ப் பூட்டு, தாத்தா காலத்தது. திருட்டுக்குப் பிறகும் அப்படியே தொங்கியது, கீறல்கூட இல்லை. அப்பா வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்படுவார். பின்கதவில் இருந்தது ஒரு தாழ்ப்பாளும் இரண்டு இஞ்ச் திருகாணியும்.

23.05.2025

பணத்தை ஒளிப்பவர்களுக்கு ஒன்று. நகை அப்படியே இருக்கும், நோட்டு செத்துப்போகும். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி அறிவிப்பு வந்ததும் அம்மா டிவியை அணைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். மறுநாள் அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டு, பாசிப்பயறு டப்பா, தையல் மிஷின் டிராயர், கல்யாணப் பட்டு மடிப்பு என்று ஏழு இடத்திலிருந்து 23,000 ரூபாய் சிறுவாடு வெளியே வந்தது. அப்பா வாயைத் திறக்கவில்லை. ஏழு இடம்தான் என்று அம்மா சத்தியம் செய்தார். 2017 பொங்கலுக்குப் பாயை உதறும்போது எட்டாவது இடம் தெரிந்தது, நாலு பழைய ஐந்நூறு. வங்கியில் கட்டும் கெடு டிசம்பர் 30ஓடு முடிந்திருந்தது.

24.05.2025

வருமான வரிக்காரர்களிடமிருந்து எப்படி ஒளிப்பது என்று கேட்டவர் வேறு இடம் பார்க்கவும். ஆனால் ஒரு தகவல்: 1994ஆம் ஆண்டு உத்தரவுப்படி, சோதனைக்கு வந்தாலும் திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், ஆகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம்வரை பறிமுதல் செய்வதில்லை. 500 கிராம் என்றால் 62 பவுனுக்கு மேல். உங்கள் 22 பவுனுக்கு வரிக்காரர் பயமே தேவையில்லை.

புதைத்து வைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. போன தலைமுறை புதைத்ததைத் தோண்டி எடுத்தவர்களே 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

02.06.2025

போனது திரும்பியதா? 11 பவுனில் நாலு. அதிலும் இரண்டு உருக்கிக் கட்டியாக வந்தது. பில்லெல்லாம் பீரோவிலேயே, நகையோடு சேர்த்து வைத்திருந்தோம். கூடம் முழுக்கக் கிழித்துப் போட்டிருந்தார்கள். "இது உங்களுடையது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டபோது கைகொடுத்தது அம்மாவின் கல்யாண ஆல்பம்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் அட்டிகையின் கல் வரிசை தெளிவாகத் தெரிந்தது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு, தேவைப்படும்போது ஆஜர்படுத்துகிறோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் நகையை வாங்கினோம்.

ஆகவே படம் எடுத்து வையுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் இருக்கும், கண்ணாடி வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உருக்கிவிட்டால் எண்ணும் போய்விடும், ஆனால் உருக்குவதற்கு முன்னால் பிடிபட்டால் உங்கள் நகை என்று சொல்ல அது போதும். படமும் பில்லும் நகை இருக்கும் இடத்தில் வேண்டாம். மகளிடமோ தம்பியிடமோ ஒரு பிரதி.

காப்பீடு: வீட்டுக் காப்பீடு எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பத்திரத்தை ஒரு தடவை படியுங்கள். 2021இல் வந்த பாரத் கிருக ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டில் தீ, வெள்ளம் போன்றது நடந்து அதையொட்டி ஏழு நாளுக்குள் போனால்தான் திருட்டுக்குப் பணம். சும்மா பூட்டை உடைத்துக்கொண்டு போனால் கிடையாது. கன்னக்களவுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும், நகையைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

11.06.2025

வீட்டு வேலைக்கு வருபவர்களைப் பற்றி நான் ஏன் எழுதவில்லை, முதல் சந்தேகமே அங்கேதானே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கலாம். பீரோ திறந்திருக்கும்போது வெளியாள் அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

13.06.2025

முந்தாநாள் எழுதியது நழுவல். உள்ளதை எழுதுகிறேன்.

திருட்டுக்குப் பிறகு அம்மா யாரையும் நம்பாமல் இடம் மாற்றி மாற்றி வைக்க ஆரம்பித்தார். எங்கே என்று ஒருவருக்கும் சொல்ல மாட்டார். 2018 ஐப்பசியில் மூன்று பவுன் சங்கிலியைக் காணோம். வீட்டுக்குள் வந்துபோகும் வெளியாள் ஒருவர்தான், ஒன்பது வருடமாகப் பாத்திரம் தேய்த்த அக்கா. நாங்கள் புகார் கொடுக்கவில்லை, கத்தவில்லை. கேட்டோம். அடுத்த நாளும் கேட்டோம். அதற்கடுத்த நாள், "எங்கயாவது விழுந்து கிடந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்கக்கா" என்று சொன்னது நான்தான். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. வராததையே எங்களுக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டோம்.

மாசியில் புதுப் புளி வாங்கினோம். பானையில் அடியில் இருந்த பழைய புளியை எடுத்தபோது சங்கிலி வந்தது. புளியில் கிடந்து பளபளவென்று இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதை யாரு இங்க வச்சா?" என்றார். நடிப்பு இல்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. மறதி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

அப்பாவும் நானும் ஒரு சேலை வாங்கிக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்தார். சேலையை வாங்கிக்கொண்டார். வேலைக்கு வரவில்லை. தெருவில் பார்த்தால் அம்மா உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

"இடத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தாரே ஒருவர், முதல் நாளே அவருக்கு இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். மிளகாய்த்தூள் கதை சொல்லச் சுலபமாக இருந்தது. ஐயா, உங்கள் மனைவி பக்கம்தான் நியாயம்.

14.06.2025

"அப்படியானால் எத்தனை பேருக்குத் தெரியலாம்?" எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர், நானும் தங்கையும். ஒரு நோட்டில் எழுதி அவளிடம் இருக்கிறது. இடம் மாற்றினால் அன்றைக்கே அவளுக்குப் போன் செய்வேன், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு. அம்மா கழுத்தில் மெல்லிய கொடி ஒன்று மட்டும்.

16.06.2025

எங்கள் வீட்டில் எங்கே வைத்திருக்கிறோம் என்று கேட்ட அன்பருக்கு: நல்ல முயற்சி.

24.10.2025

தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தேன். சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டிய பிறகு இந்த இழையை மறுபடி நிறையப் பேர் படிக்கிறார்கள் போலிருக்கிறது. எதிர்வீட்டு அக்கா இந்த முறை ரங்கோலியே போட்டிருந்தார். கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், ஆள் இருக்கும்போதுகூட எங்கள் வாசல் அவ்வளவு அழகாக இருப்பதில்லை.

25.10.2025

கேள்வி கேட்டவரே வந்திருக்கிறார். லாக்கர் கிடைத்துவிட்டதாம், வாழ்த்துகள். எல்லாவற்றையும் கொண்டுபோய் வைக்கும்போது எண்ணிப் பார்த்தால் ஒரு மோதிரம் குறைகிறதாம். எங்கே வைத்தார் என்று நினைவில்லை. மனைவி சிரிக்கிறாராம், ஆனால் மாடியில் ஒரு வாரம் பெயின்ட் அடித்தவர்கள் மேல் இவருக்குச் சந்தேகமாம்.

அவர்களிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லையே? கேட்காதீர்கள். அரிசி டிரம்மை முழுக்கக் கொட்டிப் பாருங்கள். சாமி படத்தின் பின் அட்டையைக் கழற்றிப் பாருங்கள். புளிப் பானையையும்.